ஆனிக் காற்றில் குறைந்த 200 மீட்டர்

கேள்வி: பணகுடி பக்கம் எங்கள் ஊர். வயது 38. சுகர், பிரஷர் எதுவும் இல்லை. ஒரு வருடமாக வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறேன். பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை 6 மணிக்கு, 12 நிமிடம் முழுமூச்சாக ஓடிப் பார்த்தேன். போன் 2,250 மீட்டர் காட்டியது. இந்த ஆனி மாதம் அதே ரோட்டில், அதே போல மேற்கே மலையைப் பார்த்து ஓடினேன். அன்று கிளம்பவே ஏழரை ஆகிவிட்டது. 2,050 மீட்டர்தான் வந்தது. பயிற்சியை நான் விடவேயில்லை. உடம்பில் ஏதும் கோளாறா? போலீஸ் வேலைக்குத் தயாராகும் என் அண்ணன் மகனும் இதே சோதனையைச் செய்யலாமா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. பணகுடி, ஆனி மாதம், மேற்கே பார்த்து ஓட்டம், காலை ஏழரை மணி. இந்த நான்கும் சேர்ந்தால் நன்றாக ஓடுகிறவருக்கும் தூரம் குறையும்.

நீங்கள் செய்தது கூப்பர் சோதனை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்டது. 12 நிமிடத்தில் ஒருவர் ஓடும் தூரத்தை வைத்து, அவர் உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று கணக்கிடலாம். ஓடிய மீட்டரில் 504.9-ஐக் கழித்து, மீதியை 44.73-ஆல் வகுக்க வேண்டும். தை மாத ஓட்டத்துக்கு உங்களுக்கு வருவது 39. ஆனி மாதத்துக்கு 34.5. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று பொருள். இந்தச் சூத்திரம் விமானப்படை ஆண்களை ஓடவைத்துக் கண்டது என்பதால் நமக்கு இது ஒரு மதிப்பீடுதான். பரவலாகப் புழங்கும் அட்டவணையில் 30 முதல் 39 வயது ஆண்களுக்கு 1,900 முதல் 2,299 மீட்டர் வரை நடுத்தரம். உங்கள் இரண்டு ஓட்டமுமே அதற்குள்தான் வருகின்றன.

விடாமல் ஓடுகிற ஒருவருக்கு, நோய்நொடி இல்லாதபோது, ஐந்தாறு மாதத்தில் உடல்திறன் பத்து சதவீதத்துக்கு மேல் சரிவது வழக்கமில்லை. அதனால் முதலில் காற்றைப் பார்ப்போம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் எப்படி வீசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய காற்று. அது மேற்கிலிருந்து வருகிறது, நீங்களும் மேற்கே பார்த்து ஓடியிருக்கிறீர்கள். தை மாதத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்குத் திசையிலிருந்து வரும். மெதுவான காற்றுதான், ஆனாலும் அன்று அது உங்கள் முதுகுப் பக்கம் இருந்திருக்கும். ரோடு ஒன்றுதான், அன்று தள்ளிவிட்ட காற்று இன்று மார்பில் மோதியிருக்கிறது. போகும்போது பக்கத்துக் காற்றாலைகளைப் பாருங்கள். அவை எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கின்றனவோ அங்கிருந்துதான் காற்று வருகிறது.

போகவர ஓடினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். முழுதாகச் சரியாகாது. எதிர்காற்று பிடுங்குவதில் ஏறக்குறைய பாதியைத்தான் பின்காற்று திருப்பித் தரும்.

அடுத்தது வெயில். ஏழரை மணி வெயிலில் உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் ரத்தத்தை அனுப்ப வேண்டும். காலுக்குப் போகிற பங்கு குறையும். அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடும், சீக்கிரம் மூச்சு வாங்கும். மலையைப் பார்த்துப் போகும் ரோடு லேசாக ஏறிக்கொண்டே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த ஏற்றம் இரண்டு நாளும் இருந்ததால் இந்த 200 மீட்டருக்கு அது காரணமில்லை. ஆனால் சமதள மைதானத்துக்காகப் போட்ட அட்டவணையோடு ஒப்பிட்டால் உங்கள் இரண்டு ஓட்டமும் கொஞ்சம் குறைவாகவே தெரியும்.

உடம்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. தினமும் பேசிக்கொண்டே ஓடும் நிதான ஓட்டம் முன்புபோல இலகுவாக இருக்கிறதா? ஓடி நின்று ஒரு நிமிடம் கழித்து மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி நாடியை எண்ணி, நான்கால் பெருக்குங்கள். ஒரே மாதிரியான நிதான ஓட்டத்துக்குப் பிறகு வாராவாரம் அந்த எண் ஏறாமல் இருந்தால் கவலையில்லை. மாறாக, மாடிப்படி ஏறவே மூச்சிரைக்கிறது, நெஞ்சு இறுக்குகிறது, தலை சுற்றுகிறது, அல்லது சமீபத்தில் காய்ச்சல் வந்து அசதி போகவேயில்லை என்றால், அடுத்த சோதனையை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். ரத்த சோகை இருந்தாலும் தூரம் இப்படிக் குறையும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

சரி, இனி எப்படிச் சோதிப்பது? 12 நிமிட ஓட்டத்தை விட, 2,400 மீட்டரை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறீர்கள் என்று பார்ப்பது உங்களுக்கு வசதி என்பேன். 12 நிமிட ஓட்டத்தில் விசில் அடிக்கும்போது எங்கே நின்றீர்கள் என்று ஒருவர் குறிக்க வேண்டும், இல்லையென்றால் போனை நம்ப வேண்டும். போன் ஜிபிஎஸ் மரத்தடியிலும் வளைவிலும் பத்து இருபது மீட்டரைக் கூட்டும், குறைக்கும். 2,400 மீட்டரை ஒரு தடவை ஒழுங்காக அளந்துவிட்டால், அப்புறம் ஸ்டாப்வாட்ச் மட்டும் போதும். 400 மீட்டர் தடத்தில் ஆறு ரவுண்டு. உள்தடத்திலேயே ஓடுங்கள். எட்டாவது தடத்தில் ஒரு ரவுண்டு கிட்டத்தட்ட 453 மீட்டர்.

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டு அரங்கம் வரை வர முடியாது என்றால் ஊரிலேயே அளக்கலாம். பைக் மீட்டரை நம்பாதீர்கள். ஒரு சைக்கிள் போதும். முன்டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் எவ்வளவு தூரம் போனது என்று டேப்பால் அளங்கள். ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும், சுற்றும் கொஞ்சம் குறையும், அதனால்தான் இது. ஒரு சுற்று 2.1 மீட்டர் என்றால் 1,200 மீட்டருக்கு 571 சுற்று. நூறு சுற்றுக்கு ஒருமுறை ரோட்டோரம் கோடு கிழித்துக்கொண்டே போனால் எண்ணிக்கை தவறாது. கடைசியில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு, போய்த் திரும்பினால் 2,400. வடக்கு தெற்காகப் போகும், ஏற்ற இறக்கமில்லாத, வண்டி நடமாட்டம் குறைந்த ரோடாகப் பாருங்கள். மேற்குக் காற்று குறுக்கே போய்விடும். நாலுவழிச்சாலை ஓரம் வேண்டவே வேண்டாம்.

ஓடும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதல் ரவுண்டில் பாய்ந்துவிட்டு மூன்றாவதில் மூச்சுமுட்டி நிற்பார்கள். உங்கள் தை மாத வேகம் 400 மீட்டருக்கு 2 நிமிடம் 8 விநாடி. அடுத்த தடவை முதல் 400-ஐ 2:10-ல் முடியுங்கள். ‘இவ்வளவு மெதுவாகவா’ என்று தோன்ற வேண்டும். அதற்குப் பிறகு நான்கு 400-ம் 2:08. கடைசி 400-ல் மிச்சமிருப்பதையெல்லாம் போடுங்கள். இப்படி ஓடினால் 12:50-க்கு முன்பே முடித்துவிடலாம்.

மற்ற விஷயங்களும் மாறக்கூடாது. அதே நேரம், விடியற்காலை 6 மணிக்குள். முந்தைய நாள் கடும் ஓட்டம் இல்லை. பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகே சோதனை. கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு ஓடுகிறவர் என்றால் ஒவ்வொரு தடவையும் குடித்துவிட்டே ஓடுங்கள். காப்பியில் உள்ள காஃபின் ஓட்டத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும். எட்டு வாரத்துக்கு ஒரு சோதனை போதும். பத்து பதினைந்து விநாடி கூடினாலோ குறைந்தாலோ பொருட்படுத்தாதீர்கள். காற்று அடங்கிய பிறகு, ஐப்பசி மழை பிடிக்கும் முன், புரட்டாசிக் கடைசியில் ஒரு நல்ல விடியற்காலை கிடைக்கும். அன்று ஓடி வருகிற நேரத்தை உங்கள் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் மகனுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதாவது 400 மீட்டருக்கு 1 நிமிடம் 52 விநாடி. மாதம் ஒரு தடவை அந்த 1,500 மீட்டரையே ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வன்று வெயிலிலும் கூட்டத்திலும் காத்திருந்து ஓட வேண்டிவரலாம். அதனால் ஊரில் 6 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்கும் அளவுக்கு வந்துவிட்டால் தைரியமாகப் போகலாம்.