சென்னை போகும்போது இலங்கை சிம்மை என்ன செய்வது?

கல்முனைத் தம்பி, அம்மாவின் சிகிச்சைக்கு 12 நாள் சென்னை போறீங்க, வங்கி ஓடிபியும் வரணும், பில்லும் ஏறக்கூடாது எண்டு கேட்டிருந்தீங்க. இலங்கை சிம்மைக் கழற்ற வேண்டாம். புறப்பட முதலே கொஞ்சம் ரீலோட் போட்டு ரோமிங்கை (வெளிநாட்டு வலையமைப்பிலும் இலங்கை சிம் வேலை செய்யும் வசதி) இயக்குங்க. ரோமிங்கில் குறுந்தகவல் வந்து விழுவதற்குப் பெரும்பாலும் காசு இல்லை. காசு தின்பது டேட்டாவும் அழைப்பும்தான்.

ஆகவே அந்த சிம்முக்கு 'டேட்டா ரோமிங்' ஓஃப். இரண்டு சிம் போனில் இன்னொன்றும் பார்க்கணும்: ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாக மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தாவும் வசதி. அதையும் நிறுத்துங்க.

பலரும் மறப்பது அழைப்புத் திருப்பல், அதாவது வரும் அழைப்பை வேறு எண்ணுக்கு அனுப்பும் வசதி. நீங்க எடுக்காத அழைப்பு வொய்ஸ்மெயிலுக்கு (குரல் செய்தி பதியும் பெட்டி) போனால், சென்னைக்கு வந்ததற்கும் திரும்ப இலங்கைக்குப் போனதற்கும் இரட்டைக் கட்டணம் விழலாம். ஊரிலேயே ##002# அடித்து அழைத்தால் எல்லாத் திருப்பலும் நீங்கும்.

டேட்டாவுக்கு இந்திய சிம் எடுக்க பாஸ்போர்ட், விசாப் பிரதி, படம் வேணும். உடனே இயங்கும் எண்டு நம்பாதீங்க. அதுக்குப் பதில் ஈசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) எடுக்கலாம். *#06# அடிக்க 'ஈஐடி' (EID) எண்டு ஒரு எண் திரையில் வந்தால் உங்க போனில் ஈசிம் வேலை செய்யும். அதை வீட்டு வைஃபையிலேயே ஏற்றி, சென்னையில் இறங்கினதும் இயக்குங்க.

வாட்ஸ்அப் 'எண்ணை மாற்றவா' எண்டு கேட்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்க. பழைய எண்ணிலேயே ஓடும். அம்மாவுக்கு சுகமாகட்டும்.