வார்பரினோடு கெபெசிடபினும்: பல் முரசில் இரத்தம் வந்தால் என்ன செய்வது?

மூதூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: அம்மாவுக்கு உலோக இதய வால்வு, இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் வார்பரின் நெடுநாளாகப் போகிறது. இப்போது மார்புப் புற்றுநோய்க்கு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கெபெசிடபின் குளிசை தந்திருக்கிறார்கள். பல் துலக்கினால் முரசில் இரத்தம், கையில் நீலத் திட்டுகள். வார்பரினை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே வேண்டாம். ஆனால் இன்றே திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை) பாருங்கள், உறைய உதவும் இரத்தத் தட்டுக்களையும் எண்ணச் சொல்லுங்கள்; கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காதீர்கள். வார்பரினை ஈரல் கழிக்கும் வேலையைக் கெபெசிடபின் மந்தமாக்கிவிடும், அதனால் வழமையான அளவே கூட்டிக் குடித்த மாதிரி ஆகிவிடும். தொடங்கிச் சில நாளிலும் இது வரும், மாதங்கள் கழித்தும் வரும், கெபெசிடபினை முடித்து ஒரு மாதத்துக்குள்கூட வரும். "குளிசை முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று பலர் பரிசோதனையை விடுவது இங்கேதான்.

நிறுத்தாதீர்கள் என்று அழுத்திச் சொல்வது உலோக வால்வுக்காக. காலில் இரத்தம் கட்டியதற்கு வார்பரின் குடிப்பவர் என்றால் வைத்தியர் ஊசிக்கோ வேறு குளிசைக்கோ மாற்றலாம். உங்கள் அம்மாவுக்கு அப்படி லேசில் மாற்ற முடியாது, ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதுக் குளிசைகள் உலோக வால்வுக்கு ஆகாது, மருந்தை விட்டால் வால்வில் இரத்தக் கட்டி விழுந்து பாரிசவாதம் வரலாம். ஆகவே அளவைக் குறைப்பதும் ஒருநாள் விடுவதும் வைத்தியர் சொன்னால் மட்டுமே.

அடுத்தது பார்மசி. முழங்கால் வலிக்கு என்று டைக்ளோபெனாக்கைச் சீட்டில்லாமல் எடுத்துத் தருவார்கள், வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. வயிற்றுக்குள் இரத்தம் கசிய அது போதும். பிறகு வீடு தேடி வரும் ஏஜென்ட், "இரத்தம் ஊறும், புற்றுநோய் கரையும்" என்று கேப்சூல் டப்பாவை நீட்டுவார். அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதய கிளினிக்குக்கு ஒரு கொப்பி, புற்றுநோய் கிளினிக்குக்கு இன்னொரு கொப்பி, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை. இத்தனை வருஷமாகியும் நோயாளிதான் தபால்காரன். அதனால் எங்கே போனாலும் இரண்டு கொப்பியையும் மேசையில் வைத்து, "அம்மா வார்பரின் குடிக்கிறா" என்று முதலில் சொல்லுங்கள்.

மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, கடும் தலையிடி வந்தாலோ, விழுந்து தலை அடிபட்டாலோ ஐ.என்.ஆர். முடிவுக்குக் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.