தொட்டால் கொப்புளிக்கும் தோல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

‘எபிடெர்மோலைசிஸ் புலோசா’ என்னும், பிறவியிலேயே வரும் அரிய கொப்புள நோயைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பைப் படித்து மலையகத்திலிருந்து பலர் எழுதியிருந்தனர். அக்கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. பிறந்த மூன்றாம் நாளே காலில் தோல் உரிந்தது. தூக்கினால் அக்குளில் கொப்புளம். தவழ்ந்தால் முழங்காலில் கொப்புளம். கிளினிக் கொப்பியில் ‘எபிடெர்மோலைசிஸ் புலோசா’ என்று எழுதித் தந்தார்கள். நான் கட்டியது என் தாய்மாமன் மகனை. கர்ப்பமாயிருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்று மாமியார் சொல்கிறார். லயத்தில் மற்றப் பிள்ளைகளை இவனோடு விளையாட விடுவதில்லை. இது தொற்றுமா? குணமாகுமா?
– பெயரை வெளியிட விரும்பாத தாய், பொகவந்தலாவை

பதில்: தொற்றாது. அவனோடு ஒரே தட்டில் உண்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், கொப்புளத்து நீர் கையில் பட்டாலும் இந்நோய் எவருக்கும் வராது. இந்த வரியை லயத்திலுள்ளவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் உண்டதோ, செய்ததோ, போன இடமோ காரணமல்ல. நீங்கள் கர்ப்பமென்று அறிவதற்கு முன்பே, அவன் கருவான கணத்திலேயே இது தீர்மானமாகிவிட்டது.

மழைக்காலத்தில் நம் மலைகளில் மண் சரிவதைப் பார்த்திருப்பீர்கள். பாறைமேல் படிந்த மண்ணை வேர்கள் பிடித்து வைத்திருக்கின்றன. வேரில்லாத சரிவில் ஒரு நாள் அடைமழைக்கே மேல்மண் வழுக்கி இறங்கிவிடும். நம் தோலிலும் மேற்றோலை உட்டோலோடு பிடித்து வைப்பதற்குப் புரதங்களாலான வேர்கள் இருக்கின்றன. அப்புரதங்களைச் செய்வதற்கான பரம்பரை அலகு (மரபணு) ஒன்றில் பிழை நேர்ந்தால் வேர் பலவீனமாகும், அல்லது உருவாகாமலே போகும். பிறகு சாதாரண உரசல்கூட அடைமழையின் வேலையைச் செய்துவிடுகிறது: மேற்றோல் வழுக, அந்த இடைவெளியில் நீர் நிறைகிறது. அதுவே கொப்புளம்.

சரிவு எந்த ஆழத்தில் நிகழ்கிறது என்பதைக் கொண்டே நோயின் வகை பிரிக்கப்படுகிறது. மேற்றோலுக்குள்ளேயே சரிந்தால் அது எளிய வகை; பெரும்பாலும் கெரட்டின் 5 அல்லது கெரட்டின் 14 என்ற புரதத்தின் பிழையால் வருவது; கைகளிலும் கால்களிலும் கூடுதலாகத் தோன்றிப் பலருக்கு வயதாக ஆகத் தணிவது. இரு அடுக்குகளும் சந்திக்கும் எல்லையில் சரிவது சந்தி வகை. அதன் கடுமையான வடிவத்தில் குழந்தைகள் பலர் முதல் ஓரிரு வருடங்களிலேயே இறந்துவிடுகின்றனர். எல்லைக்குச் சற்றுக் கீழே, ஏழாம் வகைக் கொலாஜன் என்ற புரதம் இல்லாத அல்லது பழுதான காரணத்தால் சரிவது தழும்பு விடும் வகை. இதன் கடுமையான வடிவத்தில் விரல்கள் தழும்பால் ஒட்டிக்கொள்ளும், உணவுக்குழாய் சுருங்கும், இரத்தசோகை நீடிக்கும். பதின்ம வயதுக்குப் பின்னர் ஆறாத புண்ணில் புற்றுநோய் தோன்றும் அபாயமும் உண்டு. உங்கள் மகனுக்கு எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. ஆகவே அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, “எந்த வகை டொக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். சிறு தோல் துண்டொன்றின் பரிசோதனையும், முடிந்தால் இரத்தத்தில் பரம்பரை அலகுப் பரிசோதனையும்தான் இதற்கு விடை தரும். கண்டி தேசிய வைத்தியசாலையின் தோல் நோய் வைத்திய நிபுணரிடம் அனுப்பும்படி கடிதம் கேட்டு வாங்குங்கள்.

நோயை அடியோடு நீக்கும் சிகிச்சை இன்று இல்லை. ஆனால் அவனுடைய ஒவ்வொரு நாளின் வலியைக் குறைப்பது பெருமளவு உங்கள் கைகளில் இருக்கிறது. கொப்புளத்தைத் தானாகப் பெருக விடாதீர்கள். கிருமி நீக்கிய ஊசியால் அதன் தாழ்ந்த பக்கத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் மூடியாக அப்படியே விட்டுவிடுங்கள். எந்தப் பிளாஸ்டரும் தோலில் நேரடியாக ஒட்டக் கூடாது. ஒட்டாத சிலிக்கன் டிரெசிங், அது கிடைக்காவிட்டால் வஸ்லீன் தடவிய மெல்லிய துணி, அதன்மேல் சுற்றுத்துணி என்று கட்டுங்கள். கட்டு புண்ணோடு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்புக் கரைத்து நனைத்து, அது தானாக விடும்வரை பொறுத்திருங்கள். தூக்கும்போது அக்குளில் கை கொடுக்காமல், ஒரு கையைப் பின்புறத்துக்கும் மற்றதைத் தலைக்கும் கீழே கொடுத்து மெத்தையோடு சேர்த்து ஏந்துங்கள். உடுப்பை உட்புறம் வெளியே வரும்படி அணிவித்தால் தையல் உரசாது. குளிருக்குப் போடும் கம்பளிச் சுவெட்டரின் கீழே கட்டாயம் ஒரு பருத்திச் சட்டை இருக்க வேண்டும். கம்பளி இழை புண்ணில் ஒட்டினால் அதைப் பிரித்தெடுப்பது குழந்தைக்கு நரகவேதனை.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தோட்டத்தில் நான் பார்த்த கைக்குழந்தையின் இடுப்பைச் சுற்றி, ஒட்டியானம் போட்டாற்போல் சிவந்த புண்கள் வரிசையாக இருந்தன. கண்ணேறு படாதிருக்கப் பாட்டி கட்டிய கறுப்பு அரைஞாண் கயிற்றின் தடம் அது. கயிற்றை அவிழ்த்துத் தொட்டிலின் மேற்கம்பில் கட்டச் சொன்னேன். பாட்டிக்கும் மனம் ஆறியது. இடுப்பும் இரண்டு வாரத்தில் ஆறியது. உங்கள் மகனின் இடுப்பிலும் காலிலும் அப்படி ஏதாவது இருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: எனது வகுப்பில் இந்நோயுள்ள சிறுமி ஒருத்தி நான்காம் தரத்தில் படிக்கிறாள். அவளை எவ்வாறு கவனிப்பது?
– ஆசிரியை, தலவாக்கலை

பதில்: வகுப்பின் நடுவே அல்லாமல், யாரும் இடிக்காத சுவரோர ஆசனத்தில், மெத்தென்ற துணி விரித்து அமர்த்துங்கள். புத்தகப்பையை அவள் சுமக்க வேண்டியதில்லை. பென்சிலுக்குப் பஞ்சு சுற்றிக் கொடுங்கள்; எழுத நேரம் கூட்டிக் கொடுங்கள். மதிய உணவில் கோதுமை ரொட்டியின் காய்ந்த ஓரமும் காரச் சம்பலும் அவளது வாயையும் தொண்டையையும் கீறும். பருப்புக் கறியில் ஊறவைத்த ரொட்டியைத் தாய் கொடுத்தனுப்பினால், அவள் உண்டு முடிக்க மணி அடித்த பின்னும் பத்து நிமிடம் விடுங்கள். இந்நோயுள்ள பிள்ளையின் உடல் ஓயாமல் புண்ணை ஆற்றிக்கொண்டிருப்பதால் மற்றப் பிள்ளைகளைவிட அதிக புரதமும் சக்தியும் அதற்குத் தேவை. அவள் மெதுவாக உண்பதைச் சோம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். மற்றப் பெற்றோர் ஆட்சேபித்தால் மேலேயுள்ள பதிலின் முதல் வரியைக் காட்டுங்கள்.

கேள்வி: நான் உயர்தர உயிரியல் மாணவன். ஒரு சிறுவனுக்கு ஏறக்குறைய முழு உடலுக்கும் ஆய்வுகூடத்தில் தோல் வளர்த்துப் பொருத்தினார்கள் என்பது உண்மையா?
– மாணவன், பண்டாரவளை

பதில்: முற்றிலும் உண்மை. இத்தாலியின் மொடேனா நகரில் மிகேலே டி லூக்கா தலைமையிலான ஆய்வுக் குழு, சந்தி வகை நோயுள்ள ஒருவரின் கால்களில் பரம்பரை அலகு திருத்திய தோலைப் பொருத்தி, அது நிலைத்ததை 2006 இல் வெளியிட்டது. ஒன்பது வருடங்களுக்குப் பின்னர், சிரியாவிலிருந்து குடும்பத்தோடு ஜேர்மனிக்கு வந்திருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், மேற்றோலின் பெரும்பகுதியை இழந்து மரணத் தறுவாயில் போக்கும் (Bochum) என்னும் நகரின் வைத்தியசாலையில் கிடந்தான். வேறு வழி எதுவும் எஞ்சியிராத நிலையில் வைத்தியர்கள் மொடேனாவை நாடினார்கள்.

அவனது தோலில் கொப்புளமில்லாத ஓரிடத்திலிருந்து 4 சதுர சென்றிமீற்றர் மட்டும் எடுக்கப்பட்டது. லெமினின் 332 என்னும் வேர்ப்புரதத்தின் ஒரு பகுதியைச் செய்யும் பரம்பரை அலகின் சரியான பிரதியை வைரசு ஒன்றின் மூலம் அந்தக் கலங்களுக்குள் புகுத்தி, அவற்றைத் தாள்களாக வளர்த்தார்கள். அவ்வாறு வளர்ந்த மொத்தத் தோல் 0.85 சதுர மீற்றர். 2015 ஒக்டோபர் தொடக்கம் அடுத்தடுத்த சத்திரசிகிச்சைகளில் அது பொருத்தப்பட, உடலின் ஏறக்குறைய 80 சதவீத மேற்றோல் புதிதாயிற்று. சிறுவன் பாடசாலைக்குத் திரும்பினான். விவரம் 2017 நவம்பரில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியானது.

உயிரியல் மாணவனாகிய நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. வைரசு ஒவ்வொரு கலத்தின் நிறமூர்த்தத்திலும் வெவ்வேறு இடத்தில் நுழைந்ததால், அந்த இடமே கலத்துக்கும் அதன் வழித்தோன்றல்களுக்கும் குடும்பப் பெயர் போலாயிற்று. மாதங்கள் கழித்துத் தோலைச் சோதித்தபோது, தொடக்கத்தில் இருந்த எண்ணற்ற ‘குடும்பங்கள்’ மறைந்து சிலவே எஞ்சியிருந்தன. மனித மேற்றோல் முழுவதையும் தொடர்ந்து புதுப்பிப்பவை நீண்ட ஆயுளுள்ள ஒரு சில மூலக்கலங்களே என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அதுவரை மனிதரில் கிடைத்திருக்கவில்லை. ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போன முயற்சி, நெடுங்காலம் விவாதத்திலிருந்த அடிப்படைக் கேள்விக்கும் விடை கொண்டு வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. ஆயினும் இம்முறையால் வாயின் உட்புறத்தையும் உணவுக்குழாயையும் மாற்ற முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் குழந்தை ஒன்றுக்காக அமெரிக்காவில் கண்டுபிடித்த புதிய மருந்தை வாங்க இளைஞர் கழகம் பணம் சேர்க்க விரும்புகிறது. சிலர் பச்சிலை பூசினால் போதும் என்கிறார்கள்.
– மஸ்கெலியா

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ‘வைஜுவெக்’ என்னும் களிம்பாக இருக்க வேண்டும். பெருகும் ஆற்றல் நீக்கப்பட்ட ஹேர்பீஸ் வைரசு ஏழாம் வகைக் கொலாஜனின் பரம்பரை அலகைப் புண்ணுக்குள் கொண்டு சேர்க்கிறது. அந்த அலகு நிறமூர்த்தத்தோடு இணைவதில்லை. ஆகவே வாரந்தோறும் இட வேண்டும். 31 பேரில் நடந்த பரிசோதனையில், ஆறு மாத முடிவில் மருந்திட்ட புண்களில் 67 சதவீதம் முழுமையாக மூடின. வெறும் களிம்பிட்டவற்றில் 22 சதவீதமே மூடின. 2023 மேயில் அமெரிக்கா இதற்கு அனுமதியளித்தது. இது தழும்பு விடும் வகைக்கு மட்டுமே உரியது. வருட விலை 6 இலட்சம் டொலருக்கும் மேல். எந்தக் கழகமும் உண்டியல் ஏந்திச் சேர்க்கக்கூடிய தொகையல்ல இது. சேர்த்தாலும் அடுத்த வருடம் மீண்டும் தேவைப்படும். சேர்க்கும் பணத்தை ஒட்டாத டிரெசிங்குக்கும் கண்டிக்குப் போய்வரும் வான் கூலிக்கும் முட்டை, பாலுக்கும் ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. அக்குழந்தை இந்த மாதமே அதன் பயனை உணரும்.

பச்சிலை பற்றிக் கேட்டதும் நல்லதே. பேர்ச் என்னும் மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த சாற்றினாலான களிம்புக்கு ஐரோப்பா 2022 இலும் அமெரிக்கா 2023 இலும் அனுமதி கொடுத்தன. ஆனால் அதைச் சுத்திகரித்து, அளவு நிர்ணயித்து, 223 நோயாளரில் சோதித்த பின்னரே கொடுத்தன. வேலியோரத்தில் பறித்து அம்மியில் அரைத்த இலை திறந்த புண்ணுக்குக் கிருமியைத்தான் கொண்டு போகும்.

கேள்வி: என் மூத்த மகளின் பிள்ளைக்கு இந்நோய். இளைய மகளை என் தங்கை மகனுக்குக் கொடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். கொடுக்கலாமா?
– ஒரு தாத்தா, ஹப்புத்தளை

பதில்: பேரப்பிள்ளையின் நோய் பின்னிடைவான வகையானால், அதாவது தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒவ்வொரு பிழையான பிரதி வந்தால் மட்டும் தோன்றுவதானால், உங்கள் மூத்த மகள் நோயின்றி ஒரு பிழையான பிரதியைச் சுமப்பவர். இளைய மகளும் அதைச் சுமப்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மருமகப்பிள்ளையாக வரவிருப்பவரிடம் அது இருக்குமா என்பது, அந்தப் பிரதி உங்கள் வழியில் வந்ததா, உங்கள் மனைவி வழியில் வந்ததா என்பதைப் பொறுத்தது. இருவரிடமும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போட முடியாது.

மாமன் மகள், அத்தை மகன் என்று உரிமை கொண்டாடுவது நம் சமூகத்தில் அன்பினால் வளர்ந்த வழக்கம் என்பதை நானும் அறிவேன். பொதுவாக, பிறவிக் குறைபாடுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், இத்தகைய சொந்தத்தில் அது நான்கு முதல் ஆறு வரை உயர்கிறது. உங்கள் குடும்பத்திலோ நோய் ஏற்கனவே தெரிந்திருக்கிறது. ஆகவே நிச்சயத்துக்கு முன்னரே விசாரிப்பது நியாயம். முதலில் பேரப்பிள்ளையின் பிழை எதுவென்று பரிசோதனையில் தெரிய வேண்டும். அதன் பின்னரே இந்த இருவரின் இரத்தத்திலும் அதைத் தேட முடியும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மரபியல் ஆலோசனை பெறலாம். முடிவை அந்த இருவரும் எடுக்கட்டும். மூத்த மகளையோ, அவருடைய கணவரையோ இது குறித்து ஒரு வார்த்தையும் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: இந்நோயுள்ள குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா?
– குடும்பநல உத்தியோகத்தர், நோர்வூட்

பதில்: தாராளமாகப் போடலாம். புண்ணில்லாத இடத்தைத் தேர்ந்து, பஞ்சால் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். ஊசி எடுத்த பின்னரும் அழுத்திப் பிடித்தால் போதும். பிளாஸ்டர் ஒட்ட வேண்டாம். கையைப் பற்றி இறுக்காமல், தாயின் மடியில் துணியோடு அணைத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் பார்க்க நேர்ந்தால் பட்டியின் கீழே தடித்த பஞ்சு சுற்ற வேண்டும். கிளினிக் கொப்பியின் முகப்பிலேயே “பிளாஸ்டர் ஒட்டாதீர், தேய்க்காதீர்” என்று தமிழிலும் சிங்களத்திலும் சிவப்பு மையால் எழுதிவையுங்கள். ஓர் இரவு, அவசரத்தில் ஒட்டிய பிளாஸ்டரைப் பிரித்தபோது அதோடு ஒரு குழந்தையின் புறங்கைத் தோல் முழுவதும் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாதிக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.