மாப்பிள்ளை கடலூர்ப் பக்கம் போதகர். ஞாயிறு மட்டும்தானே வேலை, பெண் கொடுக்கலாமா?

"ஞாயிறு மட்டும்தானே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பெண்ணைப் பெற்றவர் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் போதகரில்லை, குருசேகரக் கமிட்டியில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள கோயில்களின் கமிட்டியில், கணக்கு எழுதுகிற ஆள். சொல்வதெல்லாம் லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளை வைத்து. தனிச்சபைக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம், உங்கள் நடைமுறை வேறு.

பையன் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். சபையின் சிபாரிசோடு சென்னை குருகுலத்திலோ மதுரை அரசரடியிலோ பி.டி. என்கிற இறையியல் பட்டம் முடித்திருப்பார். பட்டம் வங்காளத்திலுள்ள செராம்பூர்க் கல்லூரியுடையது. பட்டம் வழங்கும் உரிமையை அதற்கு 1827இல் கொடுத்தவர் டென்மார்க் ராஜா. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் சபையும் டேனிஷ் மிஷன் வழி வந்ததுதான். படித்த கையோடு குருப்பட்டம், அதாவது முழுப் போதகராகும் அபிஷேகம், கிடைக்காது. பயிற்சிக் காலம் முடியாதவர் திருவிருந்து (அப்பமும் ரசமும் தரும் சடங்கு) கொடுக்க முடியாது, சம்பளமும் குறைச்சல்.

இனி வாரக் கணக்கு. ஒரு குருசேகரம் என்றால் டவுன் கோயில் ஒன்று, சுற்றிக் கிராமக் கோயில்கள் சில. முறை வைத்துத்தான் திருவிருந்து. போதகர் வராத ஞாயிறு அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஆராதனை நடத்துவார். அப்பம் எண்ணித்தான் வைப்பார்கள். சபையாருக்கு விருந்து போடும் அசனப் பண்டிகைக்கு வெளியூர்க்காரர்கள் வந்துவிட்டால் நடுவில் தீர்ந்துபோகும். மறுபடி நியமன வார்த்தைகளை, அதாவது கடைசி இராப்போஜனத்தில் இயேசு சொன்னவற்றை, சொல்லித்தான் புதிய அப்பத்தைக் கொடுக்க வேண்டும், சும்மா தட்டில் கொட்டிக்கொடுக்கக் கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் சாயங்காலம் வீட்டு ஜெபம். பெரிய வெள்ளி மூன்று மணி நேரம், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தை பற்றிப் பிரசங்கம். டிசம்பரில் வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனி விடிய விடிய, அதுவும் நம் ஊர்ப் புயல் மாதத்தில். தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30 காலை. மறுநாள் ராத்திரி வருஷப் பிறப்பு ஆராதனை. பெஞ்சல் வந்தது 2024 நவம்பர் 30. விடிந்தால் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. ஓடு பறந்த கிராமக் கோயிலைப் பார்க்கப் போவதா, பிரசங்கம் தயாரிப்பதா?

இதைவிடக் கஷ்டம் பிரேத அடக்கம். வெயில் ஊர், ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். குடும்பக் கல்லறையைத் திறக்கக் கேட்டால் பதிவேட்டை எடுத்து, முன்னே யாரை எந்த வருஷம் வைத்தார்கள் என்று பார்த்தாக வேண்டும். பார்க்காமல் தோண்டி எலும்பு முழுசாக வெளியே வந்தால் அங்கேயே ரகளை. கமிட்டிக்காரர்களோ பிரேதத்தை வைத்துக்கொண்டு சந்தா பாக்கி கேட்பார்கள். திட்டு வாங்குவது ஐயர், போதகரைத்தான் இப்படிச் சொல்வோம்.

கல்யாணத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, கோயிலில் வாசிக்க வேண்டும். 1872 சட்டப்படி விசேஷ அனுமதி இல்லாவிட்டால் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணிக்குள் முடித்தாக வேண்டும். நாலரை மணிக் கல்யாணத்துக்குப் பெண் பார்லரிலிருந்து ஆறேகாலுக்கு இறங்குகிறாள். போட்டோகிராபர் பலிபீடத்தில் ஏறி முதுகைக் காட்டி நிற்கிறார், உடன்படிக்கை நேரத்தில் தலைக்கு மேலே ட்ரோன் வேறு. இதை யாராவது தடை செய்தால் புண்ணியமாகப் போகும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

உங்கள் பெண்ணுக்கு வருகிறேன். ஐயரம்மா (போதகர் மனைவி) என்றால் மாதர் சங்கம் அவள் தலையில்தான், சம்பளம் கிடையாது. சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல். அவள் வேலையில் இருந்தால் அந்த வேலை கூடவே மாறுமா? குடியிருக்க மிஷன் வீடு கிடைக்கும், ஆனால் ஓய்வுபெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். வயதான பிறகு வாடகை வீடு தேடுகிறவர்கள் உண்டு. அதனால் நகை எத்தனை பவுன் என்று பேசுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் இரண்டு பேர் பெயரிலும் ஒரு மனை வாங்கிப் போட முடியுமா என்று பையன் வீட்டாரிடம் பேசுங்கள்.