பில் பை எப்போது வரும்?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். பட்டறை முதலாளியின் சொந்தப் பெயரில் நடக்கிறது. மாதம் முழுக்க பில்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுவைத்து, அடுத்த மாதம் 9ஆம் தேதி மாலை என் மேஜையில் வைப்பார். 11ஆம் தேதிக்குள் ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் இன்னொன்று. அந்த நாட்களில் வீட்டுக்குப் போக கடைசி பஸ்தான். “உனக்கு வேகம் போதவில்லை” என்கிறார். வேகமாக முடிக்க வழி சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஒரு மாத பில்லை இரண்டு நாளில் ஏற்றுகிறீர்கள். இதற்கு மேல் என்ன வேகம் வேண்டுமாம் அவருக்கு?

11ஆம் தேதி ரிட்டர்னுக்கு வேண்டியது விற்பனை பில் மட்டும். அது உங்கள் பட்டறையே போடும் பில். அது ஏன் பைக்குள் போகிறது? பில் போட்ட அன்றே ஒரு நகல் உங்கள் மேஜைக்கு வரட்டும். மாலையில் பட்டறை சாத்துவதற்குள் அன்றைய பில்களை ஏற்றிவிட்டால், 10ஆம் தேதி நீங்கள் செய்ய வேண்டியது சரிபார்ப்பு மட்டுமே.

இனி பையைக் கொட்டிப் பாருங்கள். டெம்போவுக்கு டீசல் போட்ட பில், டீக்கடைச் சீட்டு என்று பாதி இருக்கும். பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள்ளேயே வராது. செலவுக் கணக்குக்கு அந்த பில்கள் தேவைதான், ஆனால் 20ஆம் தேதி ரிட்டர்னுக்கு அவற்றோடு மல்லாட வேண்டாம். தனி உறையில் போட்டு, 20 தாண்டிய பிறகு உட்காருங்கள். (டீசல் பில்லின் அச்சு சில மாதங்களில் வெளுத்துவிடும். ஒரு ஜெராக்ஸ் எடுத்துவைப்பது நல்லது.)

மிஞ்சுவது கொள்முதல் பில். இரும்பு விற்றவரும் வார்ப்படம் கொடுத்தவரும் 11ஆம் தேதிக்குள் தங்கள் ரிட்டர்னைப் போட்டால்தான், 14ஆம் தேதி வரும் 2பி பட்டியலில் (நீங்கள் வாங்கிய பில்களை ஜி.எஸ்.டி. இணையதளம் காட்டும் பட்டியல்) உங்கள் பில் தெரியும். தெரியாவிட்டால் அந்த வரி வரவு, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது, இந்த மாதம் கிடையாது. 19ஆம் தேதி அவரோடு போனில் சண்டை போட்டு ஒன்றும் ஆகாது. ஆகவே யார் வழக்கமாகத் தாமதிக்கிறாரோ அவருக்கு 8ஆம் தேதியே போன் செய்யுங்கள். எந்த ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். பெயர் உங்களுக்கே தெரியும்.

அடுத்தது ரிட்டர்னை அனுப்பும்போது கேட்கும் ஓ.டி.பி. அது முதலாளியின் போனுக்குத்தான் வரும். 20ஆம் தேதி இரவு இணையதளம் நகர மறுக்கும்போது, அவர் ஏதோ கல்யாண மண்டபத்தில் போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். 18ஆம் தேதி காலை, அவர் பட்டறையில் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் என்றால் சிரிப்பார். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்றால் கொஞ்சம் நிமிர்வார். ஆனால் அவரை உண்மையில் அசைப்பது வேறு. உங்கள் ரிட்டர்ன் 11ஐத் தாண்டினால், உங்களிடம் சரக்கு வாங்கியவரின் பட்டியலில் உங்கள் பில் வராது. அவர் வரித்தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார். லட்ச ரூபாய் சரக்குக்கு 18 சதவீதம் என்றால் 18,000 ரூபாய் நின்றுவிடும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பையின் மேலேயே வைத்துக் கொடுங்கள்.

விற்றுமுதல் 5 கோடிக்குள் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் என்ற வசதியும் இருக்கிறது. ஆடிட்டரைக் கேளுங்கள். ஆனால் இடைப்பட்ட மாதங்களிலும் வரியை 25ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பைப் பழக்கம் மாறாமல் இந்த வசதிக்குப் போனால், உங்கள் மேஜைக்கு மூன்று மாதப் பை வந்து சேரும். அதற்கு இப்போது இருப்பதே மேல்.

கேள்வி: நானும் கணக்கு எழுதுகிறவன்தான். கெடு தேதிகளை நினைவில் வைக்க எந்தச் செயலி நல்லது?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் போன் நாளெல்லாம் மணியடிக்கிறது. அதில் இன்னொரு மணி சேர்ந்தால் அதையும் தள்ளிவிடுவீர்கள். மாதக் காலண்டர் ஒன்றை வாங்கி எதிர்ச்சுவரில் மாட்டுங்கள். நாள்தோறும் தாள் கிழிக்கும் காலண்டர் வேண்டாம். அதில் ராகு காலம் தெரியும், அடுத்த வாரம் தெரியாது. 7ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்த வருமான வரி), 11ஆம் தேதி ஜி.எஸ்.டி. விற்பனை ரிட்டர்ன், 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. வரி ரிட்டர்ன் என நான்கு தேதிகளையும் சிவப்பில் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் முன்னால் நீல மையில் ஒரு வட்டம். வேலை செய்ய வேண்டியது நீலத்துக்கு. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15இல் முன்வரி (வருமான வரியின் முன்தவணை) கட்ட வேண்டியிருந்தால் அதையும் இன்றே குறித்துவிடுங்கள்.