லேசர் துளைச் சத்திரசிகிச்சை செய்தால் பிள்ளை தங்குமா?

எதற்காகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் கணவரின் விந்துப் பரிசோதனையை முடியுங்கள். அதைத் தள்ளிவைத்துப் பெண்ணின் வயிற்றில் துளையிடுவது நியாயமே இல்லை.

முழு மயக்கத்தில் தொப்புளருகே ஒரு சென்ரிமீற்றர் வெட்டி, காபனீரொட்சைட்டால் வயிற்றை உப்பவைத்துக் கமெராவை விடுவார்கள். 5 மி.மீ. துளைகள் வழியே எண்டோமெற்றியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) திட்டுகளையும் உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒட்டுகளையும் லேசரால் அகற்றி, நீலச் சாயம் செலுத்திக் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மின்கருவியைவிட லேசர் கட்டாயம் மேலானது என்றில்லை, வைத்தியரின் கைத்தேர்ச்சியே முக்கியம். சூலகக் கட்டியை எடுக்கும்போது நல்ல முட்டைகளும் குறையலாம், முன்கூட்டியே, முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நீர் கோர்த்து வீங்கிய குழாயென்றால், அதை அகற்றிவிட்டு ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்வதே பெரும்பாலும் பலன் தரும்.

பிறகு வரும் தோள்வலி வாயுவால். சில நாளில் போய்விடும். காய்ச்சலோ கூடிக்கொண்டுபோகும் வயிற்றுவலியோ வந்தால் காத்திருக்காமல் யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.