படைத்துறைப் பணி ஆலோசகர் சங்கத்துக்குத் துணைவிதி எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அமெரிக்கக் கடற்படைப் பணி ஆலோசகர்கள் (படைவீரர்களுக்குப் பணி வளர்ச்சி பற்றி வழிகாட்டுபவர்கள்) தொடங்கும் லாபநோக்கற்ற சங்கம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் சிக்கல் தருவது கோரம்தான், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை (quorum). "உறுப்பினரில் பாதி" என்று எழுதாதீர்கள். பலர் கப்பலில் இருப்பார்கள், சிலர் இடமாற்றத்தில் போயிருப்பார்கள், கூட்டமே செல்லாது. பத்தில் ஒரு பங்கு போதும், மாநிலச் சட்டம் இடம்கொடுத்தால். இணையவழி வாக்கையும் விதியிலேயே சேருங்கள். பொருளாளர் மாற்றலானால் 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைப்பு. காசோலைக்கு இரண்டு கையெழுத்து.

501(சி)(3) வரிவிலக்கு, அதாவது அமெரிக்க வரிச்சட்டம் அறநிறுவனங்களுக்குத் தரும் விலக்கு, வேண்டுமானால், கலைக்கும்போது மிச்சச் சொத்து அறநோக்கத்துக்கே போகும் என்ற பிரிவு பதிவு ஆவணத்தில் இருக்கட்டும். துணைவிதியில் மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சிறிய சங்கமானாலும் ஆண்டுதோறும் 990-என் (வரித்துறைக்கு இணையவழி அனுப்பும் சுருக்க அறிவிப்பு) தாக்கல் உண்டு. தொடர்ந்து 3 ஆண்டு தவறினால் விலக்கு தானாக ரத்து.

மேலதிகாரி கீழுள்ளவரைச் சேரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.